யூகான் ஆற்றில் இறங்க எந்தப் படகு: கனூவா, கயாக்கா, ராஃப்ட்டா?

போன மாதம் எட்மன்டனில் இருக்கும் ஒரு தம்பி ஃபோன் செய்தார். வருகிற ஜூலையில் குடும்பத்தோடு, கனடாவின் வடமேற்கில் ஓடும் யூகான் ஆற்றில் வைட்ஹார்ஸிலிருந்து டாசன் சிட்டி வரை போகப் போகிறார்களாம். அவர், மனைவி, பதினாலு வயதுப் பெண், பதினொரு வயதுப் பையன். "அண்ணா, லீவு சொல்லியாச்சு, டிக்கெட்டும் பார்த்தாச்சு. படகு மட்டும்தான் பாக்கி. கனூ எடுக்கவா, கயாக் எடுக்கவா, இல்ல ஒரு ராஃப்ட்ல ஏறி மிதந்துக்கிட்டே போயிடலாமா?" என்று கேட்டார். கனூ என்பது மேலே திறந்த நீளப் படகு, கயாக் மேலே மூடிய ஒடுங்கிய படகு, ராஃப்ட் காற்றடைத்த ரப்பர்ப் படகு.

ஃபோனில் முக்கால் மணி நேரம் பேசினோம். பேசி முடித்த பிறகும் பாதிதான் சொன்ன மாதிரி இருந்தது. இந்தக் கேள்வியை இதற்கு முன்னும் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் இந்த ஆற்றில் இரண்டு முறை கனூவிலும் ஒரு முறை கயாக்கிலும் போயிருக்கிறேன். ராஃப்ட்டில் போனது வேறு ஆற்றில். அதையும் சொல்கிறேன், ஏனென்றால் ஆறு மாறினால் விடையும் மாறுகிறது.

முதலில் யூகானைப் பற்றி. வைட்ஹார்ஸிலிருந்து டாசனுக்கு ஆற்றுவழி ஏறக்குறைய 715 கி.மீ. நடுவில் சாலை ஆற்றைத் தொடும் ஊர் என்று சொன்னால் கார்மேக்ஸ் ஒன்றுதான். அது பாதிக்குச் சற்று முன்னால், சுமார் 320 கி.மீ.யில் வருகிறது. மற்றபடி இருபுறமும் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடு, மணல் திட்டுகள், கைவிடப்பட்ட மரக்குடில்கள். தினம் ஐந்தாறு மணி நேரம் துடுப்புப் போட்டால் பதினாலு முதல் பதினாறு நாளில் டாசன் போய்ச் சேரலாம். நீரோட்டம் பல இடங்களில் மணிக்கு எட்டு, பத்து கி.மீ. வேகத்தில் இழுக்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் படகு போய்க்கொண்டே இருக்கும்.

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் வரும் எண்ணம், "ரேப்பிட்ஸ் இருக்கா?" என்பதுதான், அதாவது ஆறு பாறைகளுக்கு நடுவே கொந்தளித்து ஓடும் இடங்கள். இருக்கிறது. கார்மேக்ஸ் தாண்டி ஃபைவ் ஃபிங்கர், அதற்குச் சற்றுக் கீழே ரிங்க். ஆனால் யூகானில் மோசமான நாள் என்று ஒன்று வந்தால் அது பெரும்பாலும் அங்கே வராது. வைட்ஹார்ஸிலிருந்து நாற்பது கி.மீ. போனதும் ஆறு ஒரு ஏரியாக விரிகிறது. லபார்ஜ் ஏரி. நீளம் 50 கி.மீ. அகலம் சில இடங்களில் ஐந்து கி.மீ. வரை. அங்கே நீரோட்டம் கிடையாது. மே மாதக் கடைசியில்கூட அதில் பனிக்கட்டி மிதக்கும். ஜூலையிலும் கையை விட்டால் சில நொடியில் எலும்பு வலிக்கும். மதியத்துக்கு மேல் காற்று எழுந்தால் கால் மணி நேரத்தில் கண்ணாடி போலிருந்த தண்ணீர் இடுப்பளவு அலையாகிவிடும்.

அதனால் படகைப் பார்க்கும்போது, நல்ல நாளில் எப்படி ஓடுகிறது என்று பார்க்காதீர்கள். லபார்ஜில் காற்று எழும்பிய மதியத்தில் இந்தப் படகு எனக்கு என்ன செய்யும் என்று கேளுங்கள். ஃபைவ் ஃபிங்கர் சில நிமிடம். லபார்ஜ் இரண்டு நாள், சிலசமயம் மூன்று.

அந்தக் கேள்விக்கு ராஃப்ட்டின் பதில் மிகத் தெளிவானது: நின்றுவிடும். காற்றடைத்த ரப்பர்ப் படகு தண்ணீருக்கு மேலே உயரமாக மிதக்கிறது. அடிப்பாகம் தட்டையானது, நேர்க்கோட்டில் ஓடுவதற்கான முதுகெலும்பு மாதிரி எதுவும் இல்லை. காற்றுக்கு அது ஒரு பாய். காற்றே இல்லாத நாளில் பெரிய துடுப்புகளை வலித்தாலும் ஏரியில் மணிக்கு மூன்று கி.மீ. போனால் அதிகம். 50 கி.மீ.க்குக் கணக்குப் போட்டால் பதினாறு, பதினேழு மணி நேரம் விடாமல் வலிக்க வேண்டும். எதிர்க்காற்று வந்தால் பின்னால்தான் போவீர்கள். ஒகேனக்கல் பரிசலை ஒரு பெரிய அணை நீர்த்தேக்கத்தின் குறுக்கே ஓட்டச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படித்தான்.

தெப்பத்தில் இந்த ஆற்றைக் கடந்தவர்கள் இல்லாமல் இல்லை. 1883-ல் ஃப்ரெடரிக் ஷ்வாட்கா என்ற அமெரிக்க ராணுவ லெஃப்டினன்ட், மேலே லிண்டெமன் ஏரிக்கரையில் மரங்களை வெட்டிக் கட்டிய தெப்பத்தில் இறங்கி சுமார் 1,300 மைல் வந்தார். நம் கட்டுமரத்துக்கும் அதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை: கட்டைகளைச் சேர்த்துக் கட்டுவது, தண்ணீர் இடுக்கு வழியே ஏறி இறங்குவது. ஆனால் ஏரிகளில் அவர் பட்டபாடு பெரிது. கூடாரத் துணியைப் பாயாகக் கட்டிக் காற்றுக்காகக் காத்திருந்திருக்கிறார். அவருக்கு அந்த நேரம் இருந்தது. பதினாறு நாள் லீவில் வருகிறவருக்கு இருக்காது.

கயாக்கின் பதில் இதற்கு நேர் எதிர். லபார்ஜுக்கென்றே செய்த படகு மாதிரி இருக்கும். கயாக்கைக் கண்டுபிடித்தவர்கள் வட கடலின் மக்கள்: இனுயிட், யூப்பிக், அலூஷியன் தீவுகளின் உனங்கன். மரமே முளைக்காத கரைகளில் கடலில் ஒதுங்கிய கட்டையையும் எலும்பையும் சட்டமாக வைத்து, சீல் தோலைப் போர்த்தித் தைத்து, அதில் ஒருவர் இடுப்புவரை நுழைந்து உட்கார்ந்து வேட்டைக்குப் போனார்கள். திறந்த கடலில் காற்றையும் அலையையும் சமாளிக்க ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தீட்டிய வடிவம் அது. இன்றைய கடல் கயாக் ஐந்து மீட்டர் நீளம், அறுபது சென்டிமீட்டர்கூட இல்லாத அகலம். மேலே மூடிய தட்டு. இடுப்பைச் சுற்றி ஒரு பாவாடை போலத் துணியை மாட்டி அறையின் வாயை அடைத்துவிடுவோம். அலை மேலே ஏறி வழிந்து போகும், உள்ளே வராது. காற்றுக்குப் பிடிமானமே கிடைக்காத அளவு தாழ்வாக இருக்கும். நானும் நண்பரும் கயாக்கில் போனபோது லபார்ஜை ஒன்றரை நாளில் முடித்தோம். கனூவில் மனைவியோடு போனபோது அதே ஏரி மூன்று நாள் எடுத்தது, அதில் ஒரு முழுநாள் கரையில் கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம்.

கனூ இரண்டுக்கும் நடுவில். திறந்த படகு, பக்கவாட்டு உயரம் அதிகம், காற்று பிடிக்கும், அலை விளிம்பைத் தாண்டினால் உள்ளே வரும். ஆனால் ராஃப்ட் மாதிரி நின்றுவிடாது. இரண்டு பேர் சேர்ந்து வலித்தால் ஏரியில் மணிக்கு ஐந்து கி.மீ. போகலாம். விதி ஒன்றே: கரையை விட்டுப் போகாதீர்கள். நீந்தி அடைய முடியாத தூரத்துக்கு ஒருபோதும் போகாதீர்கள். குறுக்கே வெட்டினால் ஒரு மணி நேரம் மிச்சமாகும் என்று வளைகுடாவின் வாயில் ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். வடக்கில் ஜூன், ஜூலையில் விடியற்காலை நாலு மணிக்கே நல்ல வெளிச்சம் இருக்கும். நாலரைக்குத் துடுப்பை எடுத்து, பதினொரு மணிக்குக் கூடாரம் போட்டுவிடுவது கனூக்காரர்களின் வழக்கம். மதியம் தூங்கலாம். கொசு விட்டால்.

அப்படியானால் கயாக்தானே சரி என்று தோன்றும். ஏரிக்கு அப்புறம் அறுநூற்றுச் சொச்சம் கி.மீ. இருக்கிறது. அங்கேதான் கணக்கு மாறுகிறது.

சாமான், சமையல், குளிர்

பதினாறு நாளைக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ சாப்பாடு என்று வையுங்கள். இரண்டு பேருக்கு 32 கிலோ. அப்புறம் கூடாரம், உறக்கப் பைகள், அடுப்பு, எரிபொருள், மழைக்கு மேலே கட்டும் தார்ப்பாய், கோடரி, மாற்றுத் துணி, முதலுதவி. யூகானில் வெள்ளை ஆறு கலக்கும் இடத்துக்கு அப்புறம் தண்ணீர் முழுக்கப் பனியாறு அரைத்த வண்டல். படகின் அடியில் அந்த வண்டல் உரசுவது காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி சொய்யென்று கேட்டுக்கொண்டே இருக்கும். மிக அழகான சத்தம், ஆனால் அந்தத் தண்ணீரை அப்படியே குடிக்க முடியாது. ஓடைகளில் பிடித்து வைத்துக்கொள்ள இரண்டு பெரிய கேன் வேண்டும். அதுவும் சுமை.

பதினேழு அடி கனூவில் இது எல்லாம் போகும், இன்னும் இடம் மிச்சமிருக்கும். அறுபது லிட்டர் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் இரண்டு வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். மூடியை வளையம் போட்டு இறுக்கினால் தண்ணீரும் போகாது, மணமும் அதிகம் வெளியே வராது. கரடி நாட்டில் இது பெரிய விஷயம். கரையில் ஏறியதும் பீப்பாயைத் தூக்கிச் சமையல் இடத்தில் வைக்கிறோம், கூடாரத்தை நூறு மீட்டர் தள்ளிப் போடுகிறோம். அஞ்சு நிமிடத்தில் வேலை முடிந்தது. நாங்கள் கனூவில் மூணு லிட்டர் குக்கரைக் கொண்டுபோனோம். பருப்பு, அரிசி, மோர்மிளகாய், பருப்புப் பொடி. பதினோராம் நாள் மழையில் நனைந்து ஃபோர்ட் செல்கர்க்கில் ஒதுங்கி, சூடாகப் பருப்புச் சாதம் சாப்பிட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மென்மயிர்த் தோல் வாங்கி விற்ற ஹட்சன் பே கம்பெனி 1848-ல் அந்தப் பக்கத்தில் கடை போட்டது. இப்போது அந்த இடத்தை செல்கர்க் முதற்குடி மக்களும் யூகான் அரசும் சேர்ந்து பராமரிக்கிறார்கள். அங்கே சாலையே கிடையாது, ஆற்று வழியாகத்தான் வர முடியும். பழைய மரக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு முழுநாள் இருங்கள்.

கயாக்கில் அந்தக் குக்கர் போகாது. முன்னாலும் பின்னாலும் உள்ள அறைகளுக்கு வாய் சிறியது. வட்ட மூடி என்றால் ஒரு சாண் விட்டத்துக்குச் சற்று அதிகம். அதற்குள் நுழைவது எதுவோ அதுதான் உங்கள் சாமான். எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பைகளாகக் கட்டி, காலையில் ஒவ்வொன்றாகத் திணித்து, மாலையில் ஒவ்வொன்றாக உருவ வேண்டும். சாப்பாட்டை உலர்த்தி, பொடியாக்கி எடுத்துப்போனால் ஒருவருக்குப் பதினாறு நாள் சாமான் ஐந்து மீட்டர் கயாக்கில் அடங்கிவிடும். ஆனால் சாமான் கட்டுவதற்கு மட்டும் தினம் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வாடகைக்குக் கிடைத்த கயாக்கின் பின் மூடியில் ரப்பர் விளிம்பு வெடித்திருந்தது. கிளம்பும் அவசரத்தில் நான் அதைத் தடவிப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் மாலை உறக்கப் பை பிழிந்தால் தண்ணீர் வடியும் நிலையில் இருந்தது. அன்று இரவு வெகுநேரம் வரை வெயில் இருந்ததால் தப்பித்தேன். கயாக் எடுத்தால் மூடிகளின் விளிம்பை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள், உள்ளே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், துணிகளை நீர் புகாத பைக்குள் போட்டே வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கயாக்கில் காலை நீட்டி ஒரே மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். கனூவில் மண்டி போடலாம், இருக்கையில் உட்காரலாம், மூட்டையில் சாயலாம். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு கனூக்களைப் பக்கத்தில் சேர்த்துக் கையால் பிடித்துக்கொண்டு, நீரோட்டம் இழுக்க இழுக்க ரொட்டியைப் பங்கு போட்டுச் சாப்பிடுவோம். அந்த ஒரு மணி நேரத்தில் பத்து கி.மீ. போயிருக்கும். குழந்தைகள் அதைத்தான் கடைசிவரை பேசுவார்கள்.

ராஃப்ட்டுக்குச் சாமான் பிரச்சினையே இல்லை. பதினாலு அடி ராஃப்ட் ஒன்று நாலு பேரையும், அவர்கள் சாமானையும், மடக்கு நாற்காலிகளையும், ஐஸ் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போகும். ஒரு குழந்தை தூங்கலாம், ஒருவர் மீன் பிடிக்கலாம். கவிழ்வது அபூர்வம். அந்த விஷயத்தில் மற்ற இரண்டும் அதன் பக்கத்தில்கூட வர முடியாது.

கவிழ்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வடக்கில் ஆபத்து தண்ணீரின் வேகம் அல்ல, அதன் குளிர். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்ப்ரெக்ட் சொன்ன ஒரு கணக்கைக் கனடாவில் படகோட்டுகிறவர்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள்: 1, 10, 1. குளிர்ந்த தண்ணீரில் விழுந்ததும் முதல் 1 நிமிடம் மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது, திணறும், அந்த நேரத்தில் வாயைத் தண்ணீருக்கு மேலே வைத்திருந்தால் போதும். அடுத்த 10 நிமிடம்தான் கையும் காலும் சொன்னபடி கேட்கும், அதற்குள் உங்களைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலையை முடிக்க வேண்டும். அதன் பிறகு உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால்தான் அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு உண்டு. அது படகில் இருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை மூன்று படகிலும் வைத்துப் பாருங்கள். கயாக் கவிழ்ந்தால், உருண்டு எழும் பயிற்சி உள்ளவர் சில நொடியில் நிமிர்ந்துவிடுவார், இடுப்புக்குக் கீழே நனைந்திருக்காது. அந்தப் பயிற்சி இல்லாதவர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, பாவாடையின் பட்டையை இழுத்து, வெளியே வந்து, மறுபடி ஏற வேண்டும். பத்து நிமிடத்தில் பாதி போய்விடும். நீச்சல் குளத்தில் நாலைந்து மாலை பழகாமல் யாரையும் யூகானில் கயாக்கில் ஏற்றாதீர்கள், முக்கியமாகப் பிள்ளைகளை. கனூ கவிழ்ந்தால் யாரும் உள்ளே சிக்க மாட்டார்கள். ஆனால் தண்ணீர் நிறைந்த கனூவை நடு ஏரியில் நிமிர்த்தி ஏறுவது இரண்டு பேரால் மட்டும் பெரும்பாலும் முடியாது. இன்னொரு கனூ பக்கத்தில் வந்தால் சுலபம்: கவிழ்ந்த படகை அதன் மேல் குறுக்கே இழுத்துத் தண்ணீரை வடித்துத் திருப்பிப் போட்டுவிடலாம். கனூவில் போகிறவர்கள் குறைந்தது இரண்டு படகாகப் போங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ராஃப்ட்டிலிருந்து ஒருவர் விழுந்தால் லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டால் முடிந்தது.

ஃபைவ் ஃபிங்கரைப் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். ஆற்றின் குறுக்கே நாலு பாறைத் தூண்கள், நடுவே ஐந்து வழிகள். வலது கோடி வழியில்தான் போக வேண்டும். ஓரிரு கி.மீ. முன்னாலேயே வலது கரைக்கு வந்துவிட வேண்டும், பார்த்த பிறகு திரும்பிக்கொள்ளலாம் என்று இருந்தால் ஆற்றின் அகலத்தில் நேரம் போதாது. உள்ளே நுழைந்ததும் வரிசையாக நின்ற அலைகள் நாலைந்து வரும். கனூவின் முன்னால் இருப்பவர் மடியில் கொஞ்சம் தண்ணீர் வாங்குவார். கயாக்கில் சிரித்துக்கொண்டே போய்விடலாம். ராஃப்ட்டில் தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். ரிங்க்கிலும் வலது கரையை ஒட்டினால் பிரச்சினை இல்லை. உண்மையிலேயே பயங்கரமாக இருந்த இடம் வைட்ஹார்ஸ் ரேப்பிட்ஸ்தான். 1898-ல் தங்கம் தேடி 7,000-க்கும் மேற்பட்ட படகுகள் இறங்கி வந்தபோது அங்கும் அதற்கு மேலே உள்ள மைல்ஸ் பள்ளத்தாக்கிலும் நூற்றுக்கும் மேற்பட்டவை உடைந்தன. 1958-ல் அணை கட்டியதும் அந்த ரேப்பிட்ஸ் நீர்த்தேக்கத்துக்கு அடியில் போய்விட்டது. இப்போது நாம் அணைக்குக் கீழேதான் தொடங்குகிறோம்.

ரேப்பிட்ஸைவிட நான் பயப்படுவது கரையிலிருந்து ஆற்றுக்குள் சாய்ந்து கிடக்கும் மரங்களுக்கு. வெளி வளைவில் கரை அரித்து ஸ்ப்ரூஸ் மரங்கள் தண்ணீர் மட்டத்துக்குக் குறுக்கே படுத்திருக்கும். தண்ணீர் கிளைகளுக்குள்ளே போகும், ஆள் போக முடியாது. எந்தப் படகாக இருந்தாலும் வளைவின் உள் பக்கமே ஒட்டுங்கள். இங்கே ராஃப்ட்தான் மோசம், சட்டென்று விலக்க முடியாது. கயாக் ஒரே இழுப்பில் விலகும்.

வேறு ஆறு, வேறு படகு

இதுவரை சொன்னதைக் கேட்டு ராஃப்ட் வடக்குக்கு லாயக்கில்லை என்று நினைத்துவிடாதீர்கள். யூகான் பிரதேசத்தின் தென்மேற்கு மூலை வழியே ஓடி அலாஸ்கக் கடற்கரைக்கு இறங்கும் டாட்ஷென்ஷீனி, ஆல்செக் ஆறுகளுக்கு நான் ராஃப்ட்டைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டேன். ஒரு வழிகாட்டிக் குழுவோடு டால்டன் போஸ்ட்டில் இறங்கி டிரை பே வரை பதினோரு நாள் போனேன். முதல் நாளே பாறைகளுக்கு நடுவே ஆறு கொதிக்கிறது. அப்புறம் பனியாறுகள் நேரே ஆற்றில் வந்து முடிகின்றன. ஆல்செக் ஏரியில் வீடு உயரப் பனிப்பாறைகள் நடுவே படகை ஓட்டினோம். தண்ணீர் உறைநிலைக்குச் சற்றே மேலே. அங்கே கவிழாத படகுதான் படகு. ஆல்செக்கின் டர்ன்பேக் பள்ளத்தாக்கை வால்ட் பிளாக்கடார் என்ற அமெரிக்க மருத்துவர் 1971-ல் தனியாளாகக் கயாக்கில் கடந்தார். இன்று ராஃப்ட் குழுக்கள் அந்த இடம் வந்ததும் ஹெலிகாப்டரில் சாமானை ஏற்றித் தாண்டிவிடுகின்றன. அது அப்படிப்பட்ட இடம்.

தெற்கு நஹானி ஆறு இன்னொரு மாதிரி. 1978-ல் யுனெஸ்கோ முதன்முதலாக உலகப் பாரம்பரியச் சின்னங்களை அறிவித்தபோது அந்தப் பன்னிரண்டில் ஒன்று நஹானி. நடுவே 90 மீட்டருக்கு மேல் விழும் வர்ஜீனியா அருவி, அந்தப் பகுதியின் முதற்குடிகளான தெனே மக்கள் மொழியில் நாயிலிச்சோ. அருவிக்கு மேலே தொடங்கினால் படகையும் சாமானையும் ஒரு கி.மீ.க்கு மேல் தோளில் சுமந்து இறங்க வேண்டும். முப்பது கிலோ கனூவை ஒருவர் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நடந்துவிடுவார். ராஃப்ட்டைக் காற்றிறக்கி, சட்டத்தைக் கழற்றிப் பல நடை நடக்க வேண்டும். அருவிக்குக் கீழே தொடங்குகிறவர்களுக்கு இரண்டும் சரி. அந்த மலைகளின் தெனே மக்கள் வேனிலில் மூஸ் என்ற பெரிய மானின் தோலைத் தைத்து ஸ்ப்ரூஸ் சட்டத்தில் போர்த்திப் பெரிய படகு செய்து, குடும்பம், நாய்கள், இறைச்சி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஆறுவழியே இறங்குவார்கள். கீழே வந்ததும் படகைப் பிரித்துத் தோலைப் பயன்படுத்திக்கொள்வார்கள். ஆற்றைப் பார்த்துப் படகைத் தேர்ந்தெடுப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சாலையே இல்லாத ஆற்றுக்கு மிதவை விமானத்தில் போகும்போது இன்னொரு கேள்வி வரும்: படகு விமானத்தில் ஏறுமா? கனூவை மிதவைக்கு மேல் கட்டிக்கொண்டு பறப்பது கனடாவில் பழக்கம்தான், ஆனால் எல்லா விமானிகளும் ஒப்புக்கொள்வதில்லை. சிறிய விமானத்தில் ஒரு தடவைக்கு ஒரு கனூதான். ஐந்து மீட்டர் கடல் கயாக்கை உள்ளே வைக்க முடியாது. மடக்கிப் பைக்குள் போடும் கனூ இதற்கு நல்ல வழி. நார்வேயில் செய்யும் ஆலி மாதிரி. அலுமினியச் சட்டம், மேலே தடித்த துணித்தோல், கரையில் உட்கார்ந்து கோக்க ஒரு மணி நேரம். சுருட்டிய ராஃப்ட்டும் உள்ளே போய்விடும். மலையில் நடந்து ஆற்றில் இறங்குகிறவர்களுக்கு மூன்று, நாலு கிலோ எடையில், முதுகுப் பையில் அடங்கும் குட்டி ராஃப்ட்டான பேக்ராஃப்ட் வந்திருக்கிறது. ஆனால் பதினாறு நாள் சாமானுக்கு அது காணாது.

யூகானுக்கு இந்தக் கவலை இல்லை. வைட்ஹார்ஸில் வாடகைக்கு எடுத்து டாசனில் விட்டுவிட்டு வரலாம். திரும்ப 530 கி.மீ. சாலைப் பயணம். கனூ நிறையக் கிடைக்கும். கடல் கயாக் கொஞ்சமே இருக்கும், ஜூலைக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். கரடி மிளகாய்த் தெளிப்பானும் அடுப்பு எரிவாயுவும் பயணிகள் விமானத்தில் எந்தப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. அதையும் வைட்ஹார்ஸில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, யாருக்கு எது? தனியாளாகப் போகிறவர், உருண்டு எழத் தெரிந்தவர், குறைந்த சாமானில் சந்தோஷமாக இருப்பவர் கயாக் எடுங்கள். தனியாள் பதினேழு அடி கனூவில் காற்றில் படும் பாடு கொடுமை, முன்பக்கம் தூக்கிக்கொண்டு காத்தாடி மாதிரி சுற்றும். ஐம்பது வயதுக்கு மேல் முழங்கால் வலி உள்ளவர்கள் கயாக்கில் ஏறி இறங்குவதை ஒரு நாள் முழுக்கச் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். துடுப்பே பிடித்திராத பெரியவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துப் போகிறவர்களுக்கு, ஏரி இல்லாத ஆறாக இருந்தால், ராஃப்ட் நல்லது. நாலு வயதுக் குழந்தையை நான் கனூவில் லபார்ஜுக்கு அழைத்துப்போக மாட்டேன். மற்ற எல்லோருக்கும், அதாவது இரண்டிரண்டு பேராகப் போகும் நண்பர்கள், கணவன் மனைவி, துடுப்புப் பிடிக்கும் வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பம், இவர்களுக்கு யூகானில் கனூதான்.

தம்பியின் மனைவிக்குத் தண்ணீர் என்றால் பயம், நீச்சல் இரண்டு வருடத்துக்கு முன்தான் கற்றிருக்கிறார். முதல் இரண்டு நாளிலேயே லபார்ஜ் வந்து அவர் பயந்துவிட்டால் மிச்சப் பயணமே கசந்துவிடும். அதனால் நான் தம்பிக்குச் சொன்னது இது. டாசன் வேண்டாம், கார்மேக்ஸ் வரை போங்கள். வைட்ஹார்ஸில் இறங்காமல், அலாஸ்கா நெடுஞ்சாலையில் ஜான்ஸன்ஸ் கிராஸிங் போய் டெஸ்லின் ஆற்றில் இறங்குங்கள். ஏரியே வராது. சுமார் 185 கி.மீ. போனதும் ஹூட்டலின்குவாவில் அது யூகானோடு சேர்கிறது. அங்கே ஒரு தீவில் நூறு வருடப் பழைய நீராவிக் கப்பலின் கூடு கரையேறிக் கிடக்கிறது. பிள்ளைகள் பார்க்க வேண்டும். மொத்தம் 370 கி.மீ., பத்து நாள் தாராளம். இரண்டு கனூ எடுங்கள், துணி மூடியோடு. ஒன்றில் நீங்கள் பின்னால், பையன் முன்னால். இன்னொன்றில் உங்கள் மனைவி முன்னால், பெண் பின்னால்.

"பொண்ணு பின்னாலயா?" என்று கேட்டார். ஆமாம். கனூவைத் திருப்புவது பின்னால் இருப்பவர்தான். அந்தப் பெண் போன கோடையில் முகாமில் ஒரு வாரம் கனூ ஓட்டியிருக்கிறாள், வீட்டில் வேறு யாரும் அவ்வளவு ஓட்டியதில்லை. மே, ஜூனில் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை எட்மன்டனில் வடக்கு சஸ்காட்செவான் ஆற்றில் நாலு பேரும் இறங்குங்கள். ஒரு தடவையாவது கரை ஓரமாக வேண்டுமென்றே கவிழ்ந்து, இரண்டாவது கனூவை வைத்து நிமிர்த்திப் பாருங்கள். ஜூலை இரண்டாம் வாரம் டெஸ்லினில் இறங்கினால், முதல் ஒன்றிரண்டு நாள் தண்ணீர் மெதுவாகத்தான் போகும். கை பழக அது போதும்.